பிரிக்ஃபீல்ட்ஸ் மரங்களை நட்ட துரைசாணி

நாற்பத்தாறு வயதில் முதுகலை படிக்கப் போனது என் தலையெழுத்து. அதுவும் நிலவெளி வடிவமைப்பு, அதாவது ஊரில் எல்லாரும் லேண்ட்ஸ்கேப் என்று சொல்கிற படிப்பு. வாரநாளில் பெட்டாலிங் ஜெயாவில் வேலை, சனிக்கிழமை வகுப்பு. ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது பிரிக்ஃபீல்ட்ஸ் பழைய ரயில்வே குடியிருப்பின் நிழல் மரங்கள். சாலையோரம் வரிசையாக நிற்கும் அந்தத் தூங்குமூஞ்சி மரங்களை நட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் தொழிலாளியாக இருந்தவர். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. "அப்பா மரம் நட்டது புஸ்தகத்துல வரும்மா" என்று கிள்ளானில் இருக்கும் அம்மாவிடம் வாய் விட்டுவிட்டேன். அம்மா சும்மா இருப்பாரா? மாதா கோயிலுக்கு வருகிற அத்தனை பேரிடமும் சொல்லி முடித்துவிட்டார்.

என் ஆய்வு வழிகாட்டி முனைவர் பட்டம் வாங்கிய ஒரு டாக்டர். நம்ம ஆள்தான், தமிழர். நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த அத்தியாயத்தை வாங்கி, 'இம்மரங்களை நட்டவர்கள் ரயில்வே தொழிலாளர்கள்' என்ற வரியைச் சிவப்பு மையால் சுழித்தார்.

"இதுக்கு சோர்ஸ் எங்க?"

"எங்கப்பா, சார்."

"அப்பா சோர்ஸ் இல்லைலா. அச்சுல வந்திருக்கணும்."

"அம்மாவப் பேட்டி எடுத்துப் போடட்டுமா? அவங்கதான் அன்னைக்குத் தண்ணி தூக்கிக் கொடுத்தாங்க."

"அதுக்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேணும். நாலு மாசம் ஆவும். உங்களுக்கு இருக்கிறது மூணு வாரம். லைப்ரரிக்குப் போங்க, ஆதாரத்தைத் தேடுங்க."

மூன்று வாரத்துக்குள் அந்த அத்தியாயத்தில் அவர் கையெழுத்து விழாவிட்டால் என் பதிவு ரத்து. ஏற்கெனவே இரண்டு முறை கெஞ்சித் தவணை வாங்கியாயிற்று. ஆக, என் அப்பா குழி வெட்டினார் என்பதை அச்சில் எவராவது எழுதியிருக்கிறாரா என்று தேடிக்கொண்டு நான் கிளம்பினேன்.

நகரின் நடுவிலிருக்கும் பெரிய நூலகத்தின் வாசலிலேயே காவலர் என் காலைப் பார்த்து, "சிலிப்பர் தாக் போலே" என்றார். செருப்புக்கு அனுமதி இல்லையாம். காருக்குத் திரும்பிப் போய், வேலைத்தளத்துக்குப் போடுகிற பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்தேன். அதில் பூச்சோங் சேறு ஒரு விரற்கடை ஒட்டியிருந்தது. "ஓக்கே" என்று உள்ளே விட்டார். சுத்தமான செருப்பு அறிவுக்கு ஆகாது, சேற்றுப் பூட்ஸ் ஆகும்.

தகவல் மேசையில் ஒரு தமிழ்ப் பெண். என்னைவிடப் பத்து வயது இளையவளாக இருந்தால் அதிகம். வாய் நிறைய 'ஆன்டி' என்று கூப்பிட்டாள்.

"லேண்ட்ஸ்கேப்னா செடி வளக்கிறதுதானே ஆன்டி? மூணாவது மாடி."

மூன்றாவது மாடியில் கத்தரிக்காய்ப் பூச்சி, ஆர்க்கிட் உரம், வீட்டுத் தோட்டத்தில் மிளகாய். இறங்கி வந்தேன். "அப்போ பெயிண்டிங்கா இருக்கும்" என்று ஐந்தாவது மாடிக்கு ஏற்றினாள். அங்கே சட்டம் போட்ட மலைகளும் ஏரிகளும். கடைசியில் நானே கணினியில் புத்தக எண்ணைக் கண்டுபிடித்துச் சரியான அலமாரிக்குப் போனேன். ஜப்பானியக் கல் தோட்டம் இருந்தது. இங்கிலாந்துப் பிரபுக்களின் புல்வெளி இருந்தது. கோல்ஃப் மைதானம் மட்டும் நான்கு புத்தகம். நம் ஊர் மரங்களைப் பற்றிய ஒரே புத்தகம் கணினியில் 'இருக்கிறது' என்று காட்டியது, அலமாரியில் இல்லை.

"அது பைண்டிங்குக்குப் போயிருக்கு ஆன்டி."

"எப்போம்மா போச்சு?"

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னயே போயிடுச்சி."

அவள் மேல் கோபப்பட்டு என்ன புண்ணியம்? பாவம், அந்தப் பெண்தான் என்னை 'ஆதாரங்களைத் தேடுவது எப்படி' என்ற பயிற்சியில் சேர்த்துவிட்டாள். பல் முளைத்தவுடன் நேராகப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டது போலிருந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து, தேடுசொல் போடக் கற்றுக்கொண்டேன். 'கூலி' என்று போட்டேன், ரப்பர் வந்தது. 'ரயில்வே' என்று போட்டேன், இன்ஜின் வந்தது. 'மரம்' என்று போட்டேன், பலகை ஏற்றுமதி வந்தது. அப்பா தண்டவாளம் பார்த்ததற்கு வேண்டுமானால் ஆதாரம் கிடைக்கும் போலிருந்தது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, சாப்பிடாமல்கூட மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனதை எவன் எழுதிவைப்பான்?

இரண்டாவது வாரம் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், ஆய்வேடுகளைப் பூட்டி வைத்திருக்கும் அறைக்குப் போனேன். படம் எடுக்கக் கூடாது, பேனா கூடாது, பென்சிலில்தான் குறிப்பெடுக்க வேண்டும். நான் ஏதோ நகைக்கடைக்குள் நுழைந்தவள் மாதிரி ஒரு ஊழியர் எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேதான் மாட்டியது. பிரிக்ஃபீல்ட்ஸ் மரங்கள்! அதே வரிசை, அதே சாலை. ஆனால் அந்த ஆய்வேடு சொன்னது இது: ரயில்வே பொறியாளர் ஒருவரின் மனைவி, தாய்நாட்டு ஏக்கத்தில், காற்றுப் புகாத தாவரவியல் கலனில் விதைகளைக் கொண்டுவந்து தம் கையாலேயே இம்மரங்களை நட்டார்.

மாதாவே! எந்தத் துரைசாணி இவள்? எங்கப்பா கையில் காய்ப்புக் காய்த்தது, பெயர் இவளுக்கா? பென்சில் முனை ஒடியும்படி அடிக்குறிப்பைக் குறித்துக்கொண்டேன்.

அடிக்குறிப்பு ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியது. அந்தக் கட்டுரையை எழுதியவர் வேறு யாருமில்லை, என் டாக்டரேதான். அவருடைய கட்டுரையில் அது 'காற்றுப் புகாத கலன்'. காலனியக் கால விதைப் போக்குவரத்துத் தொழில்நுட்பத்தின் முன்னோடி என்று அந்தக் கலனுக்கே ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார். அவர் ஆதாரம் காட்டியது ஒரு மாநாட்டு உரை. அதைத் தோண்டி எடுத்தேன், அதில் வெறும் 'மூடியுள்ள பாத்திரம்'. அந்த உரை காட்டியது ஒரு பத்திரிகைக் கட்டுரையை. அதில் 'டின்'. பின்னால் போகப் போகத் துரைசாணியின் சாமான் மலிவாகிக்கொண்டே வந்தது. என் குறிப்பில் அந்த 'டின்'னுக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன். ஏன் என்று அப்போது புரியவில்லை.

பத்திரிகைக் கட்டுரை கடைசியாகக் கைகாட்டியது ஓர் ஆலோசனை நிறுவனத்தின் வெளியிடப்படாத அறிக்கையை. கிடங்கிலிருந்து வர மூன்று நாள் ஆகும் என்றார்கள், ஐந்து நாள் ஆனது. மேசையில் வைத்ததும் அட்டையைப் பார்த்தேன். பச்சை அட்டை, சுருள் கம்பி. அந்தக் கம்பியைக் கோத்தது நான். என் முதல் வேலை அது, அந்த நிறுவனத்தில் டைப் அடிக்கிற கிளார்க்.

இருபத்து நாலு வருடத்துக்கு முந்தைய அந்தக் காலை பளிச்சென்று நினைவுக்கு வந்தது. பாஸ் கதவைத் திறந்து, "கிளையண்ட் மத்தியானம் வர்றாரு, பிரிக்ஃபீல்ட்ஸ் ரிப்போர்ட்டுக்கு முன்னாடி ஒரு பத்தி ஹிஸ்ட்ரி போடுலா" என்றார். நான் ஆர்வக்கோளாறில், "பாஸ், அந்த மரமெல்லாம் எங்கப்பா நட்டதுதான்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "உங்கப்பா கதைக்கு எவன்மா காசு கொடுப்பான்? நல்லா ஹெரிட்டேஜா எழுது" என்று போய்விட்டார். எனக்கு அன்று கோபம் வந்ததா? இல்லை. வெட்கமாக இருந்தது, அப்பாவைச் சொன்னதற்கு. மேசையில் காகித கிளிப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின் கண்ணில் பட்டது. ஒரு துரைசாணியை உண்டாக்கி, அவள் கையில் அந்த டின்னைக் கொடுத்து, விதையைப் போட்டு, கப்பல் ஏற்றினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பாஸ் படித்துவிட்டு, "உனக்கு நல்ல இங்கிலீஷ்" என்றார். அந்தப் பாராட்டிலேயே ஒரு வாரம் மிதந்தேன். அப்புறம் அந்த மாதிரி எத்தனையோ அறிக்கை, இதை மறந்தே போனேன்.

இப்போது அந்தப் பத்தி என் முன்னால் கிடந்தது. பிஸ்கட் டின் அப்படியே இருந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது டாக்டர் அறையில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அவருக்குப் பதவி உயர்வு வாங்கிக் கொடுத்த கட்டுரை அது என்று துறையில் எல்லாருக்கும் தெரியும்.

"ஆக, அந்த லேடியே இல்லேங்கிறீங்க."

"இல்லை சார். நான் உண்டாக்குனது."

"நீங்க உண்டாக்குனதுக்கு சோர்ஸ் இருக்கா?"

"நானே சொல்றேனே சார்!"

"நீங்க சொல்றது பெர்சனல் மெமரிலா. அந்தப் பக்கம் ஒரு ஆய்வேடு, ஒரு ஜர்னல், ஒரு மாநாடு. இந்தப் பக்கம் நீங்க ஒரு ஆளு. எக்ஸாமினர் எதை நம்புவாரு?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தொழிலாளர் வரிய எடுத்துடுங்க. லேடிய போட்டு என் கட்டுரைய ஆதாரமா சைட் பண்ணுங்க. இன்னைக்கே சைன் வெக்கிறேன்."

மேசையைக் கவிழ்த்துவிட்டு வந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நான்கு வருடச் சனிக்கிழமைகள் என் கண் முன்னால் வந்து நின்றன. அவருடைய கணினியிலேயே அந்த வரியை அழித்தேன். துரைசாணியை என் விரலாலேயே இரண்டாம் முறை டைப் அடித்தேன், இந்த முறை முறையான அடிக்குறிப்போடு. கையெழுத்து விழுந்தது. 'இதிலுள்ளவை உண்மை' என்ற உறுதிமொழியில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிள்ளான் வீட்டுக்குப் போனபோது, என் கைப்பையிலிருந்து அத்தியாயத்தை அம்மாவே எடுத்துவிட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அப்பா வர்ற எடத்தப் படி."

பக்கத்தைப் புரட்டினேன். துரைசாணி இருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே தமிழில் வாசித்தேன்: "இந்த மரங்களை நட்டவர்கள் ரயில்வே தொழிலாளர்கள். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் குழி வெட்டினார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்கிக் கொடுத்தார்கள்."

"ஆடு தின்னது போட்டிருக்கியா?"

"போட்டிருக்கும்மா. ரெண்டு தடவ ஆடு தின்னுடுச்சி, ரெண்டு தடவையும் திரும்ப நட்டாங்க."

"எங்க, எந்த வரி? காட்டு."

துரைசாணியின் வரிமேல் விரலை வைத்துக் காட்டினேன். அம்மா அதை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெதுவாகத் தடவிவிட்டு, தன் விரலுக்கு முத்தம் கொடுத்துக்கொண்டார்.