ரயிலில் விரித்த இரண்டு பேப்பர்கள்

என் மகளுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. ஒஸ்லோவில் பிறந்தவள். போருக்கு முன்பு ஊரில் வந்த பத்திரிகைகள் கட்சிச் சண்டைகளை எப்படி எழுதின என்று மாஸ்டர் படிப்புக்காக ஆராய்கிறாள். அடுத்த மாதம் யாழ்ப்பாணம் போய் மிச்சப் பத்திரிகைகளையும் தேடப் போகிறாளாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வெஸ்ட்லி ரயிலில் இரண்டு பழைய பத்திரிகைப் பிரதிகளை மடியில் விரித்துவிட்டாள். இரண்டிலும் ஒரு கொலைச் செய்தி; செத்தவர் ஒருவர்தான். ஒன்றில் அவர் துரோகி, மற்றதில் தியாகி.

"அம்மா, ரெண்டும் ஒரே ஊர்ப் பேப்பர்தானே? பிறகேன் இப்பிடி?"

"மெல்லக் கதையடி!"

எங்கள் காலத்தில் எந்தப் பேப்பரை வாங்குகிறாய் என்பதை வைத்தே நீ எந்தப் பக்கம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். முதலில் மற்றக் கட்சிக்காரர் மேடையில் பேசியதைத்தான் திரித்து எழுதினார்கள். பிறகு பெயர் சொல்லித் துரோகி என்றார்கள். பிறகு அந்தப் பெயருக்குரியவர்களைச் சுடத் தொடங்கினார்கள். என் அப்பா பேப்பர் வாங்குவதையே விட்டார். ஏன் வாங்குவதில்லை என்று கேட்கவும் ஒருவன் வீட்டுக்கு வந்தான்.

எதிரே ஒரு தமிழர் இருந்தார். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் குடியிருப்பவர். முகம் தெரியும், கதைத்ததில்லை. அவர் கண் அந்தத் தலைப்பை விட்டு அசையவில்லை. இவர் எந்தப் பக்கம்? யாருக்குச் சொல்வார்? பிள்ளை அங்கே போய் இறங்கும்போது யார் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்? போர் முடிந்து எவ்வளவோ காலமாயிற்று என்று புத்திக்குத் தெரிகிறது. நெஞ்சு கேட்டால்தானே!

"ஊரிலை எந்த இடம், பிள்ளை?" என்று மகளிடம் கேட்டார்.

அவள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "நாங்கள் திருகோணமலை." அண்டப்புளுகு. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் கேக்கிறியள்?" என்றேன். குரல் கடுமையாகத்தான் வந்தது.

"சும்மா... ஒண்டுமில்லை." அவர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஸ்டோவ்னரில் இறங்கிவிட்டார். அவர் வீடும் எங்களுடையதைப்போலவே அடுத்த நிறுத்தத்தில், வெஸ்ட்லியில்தான்.

"ஏனம்மா அந்த அங்கிள் இஞ்சை இறங்கினவர்?"

"எங்களுக்குப் பயந்து."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பிரதிகளைப் பைக்குள் வைத்தாள். வெஸ்ட்லியில் இறங்கும்போது, சின்னப்பிள்ளையில் பிடித்ததுபோல், என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, நான் அங்கை போகத்தான் வேணுமோ?"

அவள் இப்படிக் கேட்கவேண்டும் என்றுதான் இத்தனை நாளும் கோயிலில் நேர்த்தி வைத்திருந்தேன். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.