திருக்கைப் பட்டம்

பட்டப் போட்டிக்கு நடுவராகப் போகாதே என்று தங்கை தலைபாடாய் அடித்துக்கொண்டாள். கேட்டேனா? முப்பது வருடம் சித்திரம் படிப்பித்தவன் நான், அழகை அளக்க எனக்குத் தெரியாதா என்ற திமிர்.

தங்கையின் கணவன், என் மச்சான், கடற்தொழில் செய்பவன். வீட்டு வாசல் கேற்றுக்குக் கிளிப்பச்சையும் றோசும் அடித்த ஆள். "வடிவு எண்டது பாக்கிறவன்ரை கண்ணிலைதான் இருக்கு" என்பான். "விசர்க்கதை கதைக்காதை, வடிவுக்கு ஒரு அளவு இருக்கு" என்று நான் பாய்வேன். அவன் செய்த எதையும் நான் ஒருநாளும் வடிவென்று சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லை என் வாயால் கேட்கவேண்டும் என்றுதான் கார்த்திகை முதல் தொழிலால் வந்த களையோடு இருந்து மூங்கில் சீவினானாம்.

பொங்கலன்று பின்னேரம் கடற்கரை மணலில் பட்டங்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். தோற்றத்துக்கான புள்ளியை நடுவர்கள் நாங்கள் மூன்று பேரும் நிலத்தில் வைத்தே தனித்தனியாகப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஏற்றுவது அதற்குப் பிறகு. மச்சானுடையது ஒரு திருக்கை மீன். சாம்பல் நிறம், தொய்ந்த செட்டைகள், ஒரு பக்கம் மற்றதைவிடப் பெரிது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் புள்ளியைப் போட்டுத் தாளைக் கொடுத்துவிட்டேன்.

பிறகு ஏற்றினார்கள்.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! வாடைக்காற்றுப் பட்டதும் அந்தத் தொய்ந்த செட்டைகள் மெல்ல அலையத் தொடங்கின. பெரிய பக்கம் காற்றை வாங்க, சின்னப் பக்கம் விட்டுக்கொடுக்க, திருக்கை வானத்தில் நீந்தியது. தலையில் கட்டிய விண் என்ற நார் வில் காற்றில் கூவியது. கடலுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு. கச்சான் கடலை விற்றவர் விற்பதை விட்டார். மற்றப் பட்டக்காரர் தங்கள் கயிற்றை மறந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துக் கண் நிறைந்துவிட்டது.

ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தேன். "மச்சான், வடிவடா! சத்தியமா வடிவு!"

அவன் திரும்பவே இல்லை. "ஓமடா. பட்டத்தைக் கட்டேக்கை எனக்கே தெரியாது, இவ்வளவு வடிவெண்டு. நான் செத்த திருக்கையைத்தானே வலையிலை கண்டனான்" என்றான்.

என் அளவிலும் அது இருக்கவில்லை, அவன் கண்ணிலும் இருக்கவில்லை. எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பொழுது சாய, ஒலிபெருக்கியில் நடுவர் பெயர் சொல்லாமல் புள்ளிகளை வாசித்து முடிவு சொன்னார்கள். அவனுக்கு இரண்டாமிடம். ஒரேயொரு புள்ளியால் போயிற்று.

"பரவாயில்லை, நீ வடிவெண்டு சொல்லிப்போட்டாய், அது எனக்குப் போதும்" என்று சிரித்தான். "தோற்றத்துக்குத்தான் ஆரோ ஒரு விசரன் குறைச்சுப் போட்டிட்டான்."

"அது நான்தான் மச்சான்" என்றேன். "பத்துக்கு ரெண்டு."