அடுத்தது அவருடைய முறை

சுவிஸில் உடுப்புக் கழுவவும் முறை வைத்திருக்கிறார்கள். மாடிக் கட்டடம் முழுவதுக்கும் நிலக்கீழ் அறையில் ஒரே வாஷிங் மெஷின். சுவரில் பெயர்ப் பட்டியல்; அறைச் சாவி முறைக்கு முறை கைமாறும். செவ்வாய் காலை என் முறை, மதியம் புதிதாகக் குடிவந்த ஒருவருடையது. கட்டடத்தைப் பராமரிக்கும் வெள்ளைக்காரப் பெண்மணி அவரைக் கூட்டிவந்து, "உங்கள் ஊர், உங்கள் மொழி! இனி உங்களுக்குத் துணை இருக்கு" என்று சிரித்தார். எனக்கு அவரை முன்பே தெரியும்.

நரைத்திருந்தார். ஆனால் குரல் மாறவில்லை. போர்க் காலத்தில் எங்கள் கடற்கரை முழுவதும் இயக்கத்துக்கு அவர்தான் பொறுப்பு. பெயர் சொல்லப் பயந்து 'பெரியவர்' என்போம். மருதமுனையில் நெய்த சாரன்களைச் சைக்கிளில் கட்டித் தம்பிலுவிலுக்கு விற்கப்போன வாப்பாவை அவருடைய ஆட்கள் பிடித்தார்கள். உம்மாவோடு நானும் முகாம் வாசலில் நின்றேன். "விசாரிச்சிட்டு விடுவம், நாளைக்கு வாங்க" என்றார் பெரியவர். பல 'நாளை'கள் போனோம்; வாப்பா திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் அவருடைய அண்ணன் இங்கிருந்து இயக்கத்துக்குக் காசு சேர்த்து அனுப்பியவர். இயக்கம் தோற்றபின் தம்பியையும் இங்கேயே வரவழைத்துவிட்டார். அழிந்தது நாங்கள்தான்.

உம்மா இத்தா இருக்கவில்லை. "மையத்தக் காணாம நான் எப்பிடி இத்தா இரிக்க?" என்று இத்தனை வருஷமும் வண்ணச் சேலைதான் உடுத்தினார்.

மூன்றாவது செவ்வாய் கேட்டுவிட்டேன். "எங்கட வாப்பா மௌத்தா? அத மட்டும் சொல்லுங்க." இறந்துவிட்டாரா என்று கேட்டதோடு, வாப்பாவின் பெயர், பிடித்த வருஷம் என்று விவரமும் சொன்னேன்.

"தம்பி, இப்ப ஏன் அதக் கதைக்கிறீங்க?"

"உம்மா இத்தா இரிக்கணும்."

"அதென்ன?"

"புருஷன் மௌத்தானா நாலு மாசமும் பத்து நாளும் வீட்டுக்குள்ள இரிக்கிற."

உடுப்புக் கூடையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "அப்ப, இருக்கச் சொல்லுங்க" என்றார்.

எங்கே புதைத்தார்கள் என்று கேட்டேன். தெரியாதாம். அடிக்கவேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை.

உம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். காலம் கடந்துவிட்டது, மார்க்கத்தில் இனிக் கடமையில்லை என்று பள்ளிவாசல் ஆலிம் சொல்லியும் அவர் கேட்கவில்லை. "ஓம் மகன், இப்பதானே எனக்கு மௌத்துச் செய்தி வந்திரிக்கி" என்று வெள்ளைச் சேலை உடுத்து அறைக்குள் போய்விட்டார்.

அங்கே உம்மா நாள் எண்ணுகிறார். இங்கே செவ்வாய்தோறும் என் உடுப்பை எடுத்தபின், கட்டட விதிப்படி மெஷினை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, அறைச் சாவியை அவருடைய கதவில் தொங்கவிட்டு வருகிறேன்.