போறணைக்குள் இருந்த கடனாளி

1. முகராசி

பல வருடம் அடகுப் பகுதியில் நகை உரசிக்கொண்டிருந்த என்னை, எங்கள் வங்கியின் திருகோணமலைக் கிளை முகாமையாளர் ஒரு திங்கட்கிழமை கடன் அறவிடும் பகுதிக்குத் தூக்கிப் போட்டார். நாங்கள் அதை ரிக்கவரி என்போம்.

"சேர், எனக்கு ஒருத்தரையும் வெருட்டத் தெரியாது" என்றேன்.

"அதுதான் உம்மைப் போடுறன். உம்மடை முகத்தைப் பார்த்தாச் சனத்துக்கு இரக்கம் வரும். இரக்கப்பட்டாவது கட்டுவினம்."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினேன். முதல் கடனாளி யோகராசா. டவுனில் பாண் பேக்கரி வைத்திருந்தவர். வீட்டுக்குப் பின்னால் விறகு எரிக்கும் பெரிய கல்லடுப்பான போறணையில் பாண் போட்டு நன்றாகத்தான் இருந்தார். பிறகு ஆசை வந்தது. வீடு வளவை எங்களிடம் ஈடு வைத்து, வேறு கட்டடம் வாடகைக்கு எடுத்து, காஸ் அடுப்புப் பூட்டினார். பாட்டுப் போட்டபடி தெருத்தெருவாகப் போகிற சூன் பாண் ஓட்டோக்களை லீசிங்கில் எடுத்து ஓட விட்டார். நாட்டில் காஸ் இல்லாமல் போன காலம் உங்களுக்கு நினைவிருக்கும். மா விலையும் ஏறியது. ஓட்டோக்களை லீசிங்காரர் இழுத்துக்கொண்டு போனார்கள், காஸ் அடுப்பு பழைய இரும்பு விலைக்குப் போனது. மிஞ்சியது வீடும் எங்கள் கடனும்.

படலையைத் தட்டினேன். மனைவி தவமணி வந்தார்.

"அவர் இல்லை ஐயா. வெளியிலை போயிட்டார்."

அந்த நேரம் பார்த்துப் பின்வளவில் ஒரு தும்மல் கேட்டது. போய்ப் பார்த்தால், ஆறிக் கிடந்த போறணையின் வாயிலிருந்து யோகராசா தவழ்ந்து வெளியே வருகிறார். தலையெல்லாம் சாம்பல்.

"உள்ளுக்கை கல்லுக் கழண்டிருக்கோ எண்டு பார்த்தனான், சேர்."

"பார்த்து முடிஞ்சுதோ?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் அடக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எப்படிக் கோபமாகக் கதைக்கிறது? தவமணி கொண்டுவந்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

2. ஒரு மாதம் பொறுங்கோ

யோகராசா நல்ல மனுசன், ஆனால் கதைகாரர். நான் போகும்போதெல்லாம் ஒரு மாதத் தவணை கேட்பார். சித்தப்பா கனடாவிலிருந்து அனுப்புவார், கூட்டாளி தருவார் என்று ஒவ்வொரு முறையும் ஒரு ஆளைச் சொல்லுவார். கடைசியில் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

"போறணையை இடிச்சுக் கல்லை வித்தாவது கட்டுறன் சேர். வீட்டை மட்டும் விட மாட்டன். மகளுக்குக் குடுக்க வேண்டிய வீடு."

முகாமையாளரின் பொறுமை தீர்ந்தது. "நீர் அங்கை போய் ரீ குடிச்சதுதான் மிச்சம். ஏல அறிவித்தலைக் குடுத்திட்டு வாரும்."

ஏலம் என்றால் என்னவென்று நான் பார்த்திருக்கிறேன். வீடு, வளவு, போறணை எல்லாவற்றையும் ஒன்றாகக் கூறுவார்கள். மலிவாக அடிக்கத்தான் ஆட்கள் வருவார்கள். விழுகிற விலை கடனுக்குக் காணாது. குடும்பம் தெருவுக்கும் வரும், மிச்சக் கடனும் கூடவே வரும். அந்த அறிவித்தலை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினேன்.

3. உறுதிக்காரி

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு வருகிற சொத்து. இதுவும் தவமணியின் சீதன வீடு, உறுதிப் பத்திரம் அவர் பெயரில், ஈட்டிலும் அவர் கையெழுத்து. அதனால் அறிவித்தலும் அவர் பெயருக்குத்தான்.

"இதை உங்களிட்டைத்தான் தரவேணும் அக்கா."

கையைத் துடைத்து, வாங்கி, முழுவதையும் வாசித்தார்.

"முழு வளவும் போகுமோ?"

"ஓம்."

"முன்வீட்டை மட்டும் பிரிச்சு, ஏலத்துக்கு முதல் நாங்களே வித்தால்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேர்வேயரைக் கொண்டு அளந்து, பின்வளவுக்குப் பாதை விட்டு, முகாமையாளரும் சம்மதித்தால் செய்யலாம் என்றேன். இத்தனை மாதமும் அந்த வீட்டுக்கு நடந்திருக்கிறோம், வீட்டுக்காரியிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புருசனும் கேட்கவில்லை.

யோகராசா துள்ளினார். "உனக்கென்ன விசரே? சீதன வீட்டை வித்துப்போட்டு உன்ரை அண்ணன்மாரின்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?"

"போறணைக்குள்ளை முழிக்கிறதைவிட அது பரவாயில்லை" என்றார் தவமணி. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இஞ்சேருங்கோ, வீடு எங்களுக்குச் சோறு போடாது. போறணை போடும். அதை இடிக்க விடமாட்டன்."

யோகராசா கதிரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார். தவமணி அவர் தோளில் கை வைத்தபடி, "சேர்வேயர் எப்ப வருவார்?" என்று என்னைக் கேட்டார்.

முகாமையாளரைச் சம்மதிக்க வைக்க என் பாவப்பட்ட முகம் முதல் தடவையாக உதவியது.

4. அலுமாரி

வீட்டை வாங்கியவர் குச்சவெளியிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக டவுனுக்கு வந்த ஒரு ஆஸ்பத்திரி நர்ஸ், எங்கள் பேச்சில் மிஸி. நியாயமான விலை கொடுத்தார். கடன் முழுதும் தீர்ந்தது.

சாமான் ஏற்ற லொறி தேவைப்படவில்லை, பின்வளவுக்குத் தூக்கிக்கொண்டு நடந்தால் சரி. ஆனால் அடுப்பு அணைந்த வெறுங்குசினியின் வாசலில் தவமணி நின்று விட்டார். பிறந்தது, வளர்ந்தது, பிள்ளை பெற்றது எல்லாம் அந்த வீட்டில். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். நானும் அழுதேன். ரிக்கவரிக்காரன் அழக்கூடாது என்று சுற்றறிக்கை எதுவும் எனக்கு வந்ததில்லை.

போறணையோடு ஒட்டிய, மா மூட்டை வைக்கும் அறைதான் இனி வீடு. எல்லாம் உள்ளே போயிற்று, பெரிய அலுமாரி மட்டும் கதவால் போக மாட்டேன் என்றது. திருப்பினோம், சரித்தோம், யோகராசாவின் விரல் நசுங்கியது. ஏலாது என்று பாதையோரத் தகரக் கொட்டிலின் கீழ் வைத்தோம். அடுத்த கிழமை நான் போனபோது போறணை மறுபடி எரிந்தது, சேலை அடுக்கிய தட்டுகளில் பாண் அடுக்கியிருந்தது. அலுமாரியே கடையாகிவிட்டது. துறைமுகத்தில் வேலை முடித்து வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி வாங்கினார்கள். மிஸியின் பிள்ளைகள்தான் முதல் ஆளாக வந்து சூட்டோடு இனிப்புப் பணிஸ் கேட்பார்கள்.

5. இரண்டும்

இப்போது நான் ஓய்வு. ரிக்கவரிக்கு வருகிற பிள்ளைகள் புத்தி கேட்டால் ஒன்றுதான் சொல்வேன்: கையெழுத்து வைத்த எல்லாரோடும் கதையுங்கள், கூடுதலாகச் சத்தம் போடுகிறவரோடு மட்டும் கதைத்துவிட்டு வராதீர்கள். அதோடு, விற்றே ஆகவேண்டுமென்றால் ஏலத்துக்கு முதல், தலை நிமிர்ந்து விற்கச் சொல்லுங்கள்.

போன மாதம் அவர்களின் மகளுக்குச் சம்பந்தம் பேச என்னையும் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை. அவரையும் கூட்டிக்கொண்டு தாய் சாம்பல்தீவிலிருந்து வந்திருந்தார். முன்வீட்டைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தவர், "நல்ல வீடு" என்றார். யோகராசா என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"அது எங்கடை இல்லை அக்கா, வித்திட்டம்" என்றார் தவமணி. "இந்தப் போறணையும் அறையும்தான் எங்கடை. பிள்ளைக்குக் குடுக்க வீடு இல்லை. ஆனா எங்களுக்குக் கடனும் இல்லை."

மாப்பிள்ளையின் தாய் கையிலிருந்த பணிஸைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"எங்களிட்டை ரெண்டும் இருக்கு தங்கச்சி" என்றார் மெல்லமாக.

தவமணி தன் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப முதல் அந்தக் கடனைக் கதைப்பம். கலியாணத்தைப் பிறகு பார்ப்பம்."