அக்காவின் பெயர் ஒட்டிய கல்

பர்மாவில் குண்டு விழுந்த வருஷம், கம்பைநல்லூரில் எங்கள் வீட்டு முன்னறைக்கு ஒரு புருஷனும் பெண்சாதியும் குடி வந்தார்கள். அவர் பர்மா மலைகளில் கல் ஆராய்கிற உத்தியோகம் பார்த்தவர். காடும் மலையும் தாண்டி நடந்தே தப்பி வந்தவர்கள். வழியில் வெண்கலப் பானையை எறிந்தார்கள், பட்டுப்புடவையை எறிந்தார்கள். ஒரு மூட்டைக் கறுப்புக் கல் பலகைகளை மட்டும் எறியவில்லை. அதைச் சுமந்தது அந்த அம்மாள். நான் அவளை அக்கா என்பேன், அவரை அண்ணன் என்பேன்.

"இதுல அரைக்கவும் முடியாது, துவைக்கவும் முடியாது. இதப் போயி செமந்துகிட்டு வந்தேன் பாரு தங்கச்சி" என்பாள் அக்கா. குறைப்படுகிற குரலாக இருக்காது, பீற்றிக்கொள்கிற குரலாகத்தான் இருக்கும்.

அந்தக் கற்களில் பென்சிலால் கீறியது போலச் சின்னச் சின்னக் கோடுகள். அண்ணன் கல்லை ஈரத்துணியால் துடைத்து, வாசல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். பார்த்தால் அது கோடே இல்லை. கேழ்வரகு அறுக்கிற கருக்கரிவாள் மாதிரி ஒரு பக்கம் முழுக்கப் பல். இன்னொன்றில் இரண்டு பக்கமும் பல். ஒன்று கவட்டையாகப் பிரிந்திருந்தது, ஒன்று சுருண்டு கிடந்தது. மனுஷர் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முந்திக் கடலில் கூட்டமாய் வாழ்ந்த பூச்சிகளாம். ஒவ்வொரு பல்லும் ஒரு பூச்சி குடியிருந்த வீடாம். கிராப்டோலைட் என்று பெயர். எனக்குக் கையெழுத்துப் போடுகிற அளவுதான் எழுத்து, ஆனாலும் அந்தப் பெயர் இன்றைக்கும் நாக்குப் பிசகாமல் வரும்.

பல் எந்தப் பக்கம், எவ்வளவு நெருக்கம், எப்படிச் சாய்வு என்று பார்த்துத்தான் இனம் பிரிப்பார். ஒரு கல்லில் மட்டும் பல்லெல்லாம் தள்ளித் தள்ளி, ஒல்லியாய் நீளமாய் ஒன்று கிடந்தது. அவர் புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. புது இனத்தைக் கண்டவர் அதற்குப் பெயர் வைக்கலாமாம். அக்காவின் பெயரைத்தான் வைப்பேன் என்று துண்டுக் காகிதத்தில் எழுதி, கஞ்சி தடவி ஒட்டியும்விட்டார். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. "எம் பேரு சொல்ல ஒண்ணு இருக்குது" என்று தினமும் அந்தக் கல்லைத் துடைத்து வைப்பாள்.

ஒரு நாள் காலையில் அண்ணன் அதே கல்லின் ஓரத்தில் இறுகியிருந்த மண்ணைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்தவர் கல்லை இப்படித் திருப்புகிறார், அப்படித் திருப்புகிறார்.

"என்னங்க, களி ஆறிப்போவுது. கல்லு என்ன சொல்லுது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்பிடி?"

அவர் என்னைப் பார்த்தார். நான் புளி ஆய்ந்துகொண்டிருந்தேன். என் முழங்கைக்குக் கீழே பச்சை குத்திய தேள் ஒன்று உண்டு. இப்போது கையோடு அதுவும் சுருங்கிவிட்டது. பேத்திகள் என்ன பூச்சி என்று கேட்பார்கள். சாட்சி சொன்ன தேள் என்பேன்.

"ஏம்மா, கையக் கொஞ்சம் அக்காகிட்ட குடு. இந்தா, அந்தத் தேளு மேல தோல நீட்டு வாக்குல இழு."

அக்கா இழுத்தாள். தேள் மெலிந்து நீண்டது.

"இப்பக் குறுக்கால இழு."

தேள் குட்டையாகிக் கொழுத்தது. "எந் தேள என்னங்க பண்றீங்க?" என்று எனக்குச் சிரிப்பு.

"ரெண்டும் வேற வேற தேளா?"

"ஒரே தேளுதான" என்று சிரித்த அக்காவின் விரல் என் கைமேலேயே நின்றுவிட்டது.

அண்ணன் கல்லைக் காட்டினார். மண் போன இடத்தில் இன்னும் சில கிடந்தன. குறுக்கே கிடந்ததெல்லாம் குட்டை, பல்லும் நெருக்கம். நீளவாக்கில் கிடந்ததெல்லாம் ஒல்லி. மலை எழும்பியபோது பாறையே இழுபட்டிருக்கிறது. புது இனமெல்லாம் இல்லை, தெரிந்த பழைய இனம்தான்.

"மண்ணச் சொரண்டாமயே வுட்டிருந்தா?" என்றாள் அக்கா.

"வுட்டிருந்தா, உம் பேருல ஒரு பொய் நின்னிருக்கும்."

அந்த மனுஷர் குரல் உயர்த்தவில்லை. படித்தவர்கள் எத்தனையோ பேரைப் பிறகும் பார்த்தாயிற்று. தன் ஆசையைத் தானே சுரண்டிப் பார்த்தவரை வேறெங்கும் பார்க்கவில்லை.

ஆனால் காகிதத்தைக் கிழிக்க அவருக்குக் கை வரவில்லை. அக்காதான் சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்து, ஊறவிட்டு, பிய்யாமல் உரித்தாள்.

"அதுக்குன்னு இருக்கிற பேரையே எழுதுங்க. எம் பேருக்காவப் பாறைய இழுக்க வேணாம். மொதல்ல களியத் தின்னுங்க."

அவர் எழுதிய புதுக் காகிதத்துக்குக் கஞ்சி தடவி ஒட்டியதும் அவள்தான். மறுநாள் காலையில் எல்லாக் கல்லையும் துடைத்தாள். அந்தக் கல்லையும் வழக்கம்போலவே துடைத்து வைத்தாள்.