உப்பளத்து விழாவில் ஒரு புதுக்கவிதை

துறைமுகம் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்கு வேலை. குரல் கணீரென்று இருப்பதால் ஊரில் யார் விழா வைத்தாலும் மைக்கை என் கையில் கொடுத்துவிடுவார்கள். சிறப்பு விருந்தினரின் பெயருக்கு எதுகை தேடி நாலு வரி எழுதிக்கொண்டு போவேன். கைதட்டல் விழும். கவிதை என்றால் அவ்வளவுதான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் உப்பளத் தொழிலாளர்களுக்காக ஓர் ஓய்வறை கட்டித் திறந்தார்கள். அந்த விழாவில் கவிதை வாசிக்க அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தும் ஒரு டீச்சரை அழைத்திருந்தார்கள். வாசிக்கப் போவது புதுக்கவிதை என்று தெரிந்ததும் விழாவை நடத்திய சங்கச் செயலாளர் என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

“அண்ணாச்சி, எதுக மோன இல்லாம என்னத்தயோ வாசிக்கப் போறாவளாம். வெயிலுக்கு முன்ன முடிக்கணும். பாத்துக்கிடுங்க.”

எனக்கும் அதே பயம்தான். பந்தலின் முன்வரிசையில் உப்பு வாரும் பெண்கள் ஐம்பது அறுபது பேர், தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் சிறப்பு விருந்தினர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்து, யாரையும் வாழ்த்தாமல் நேராக ஆரம்பித்தார்.

“உப்பு என்றால் உங்களுக்கு ஒரு சிட்டிகை.
இவளுக்கு
முழங்கால் வரை.”

முன்வரிசையில் சலசலப்பு. ஒரு பெண் எழுந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும்.

“டீச்சர், பாத்தியில அம்புட்டு ஆழமா கெடக்கு? கரண்டைக்காலே முழுசா நனையாது.”

பந்தல் முழுக்கச் சிரிப்பு. செயலாளர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். மைக்கை வாங்கிவிடலாம் என்று நான் நகர்வதற்குள் டீச்சரும் சிரித்துவிட்டார்.

“தெரியாம எழுதிட்டேன்க்கா. அப்போ எதுவரைக்கும்? நீங்களே சொல்லுங்க.”

அந்தப் பெண் யோசித்தார்.

“கண்ணு வரைக்கும்” என்றார். “பகலெல்லாம் அந்த வெள்ளையையே பாத்துட்டு வீட்டுக்குள்ள நொழஞ்சா ஒண்ணும் தெரியாது, டீச்சர். எம் மவ முன்னாடிதான் நிப்பா. அவ மூஞ்சி வாரதுக்குக் கொஞ்ச நேரம் ஆவும்.”

சிறப்பு விருந்தினர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். டீச்சர் என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, மேடையிலேயே ஒரு சொல்லை அடித்து எழுதினார். பிறகு முதலிலிருந்து வாசித்தார்.

“உப்பு என்றால் உங்களுக்கு ஒரு சிட்டிகை.
இவளுக்கு
கண் வரை.”

எத்தனையோ மேடைகளில் கைதட்டலைக் கேட்டவன் நான். அன்று கேட்டது வேறு மாதிரி. அந்தப் பெண்கள் தங்களுக்குள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு தட்டினார்கள். மிச்சக் கவிதையை ஒரு வரிகூட விடாமல் கேட்டார்கள். இரண்டு இடங்களில் “ஆமா” என்றும் குரல் வந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நான் எழுதிய நாலு வரியை அன்று வாசிக்கவேயில்லை.

டீ கொடுக்கும்போது அந்தப் பெண் டீச்சரிடம் வந்தார்.

“அந்தத் தாளைத் தாறியளா? எம் மவ வாசிப்பா.”

டீச்சர் உடனே கொடுத்துவிட்டார். திரும்பும்போது டவுன் பஸ்ஸுக்காக நிற்கையில்தான், அவரிடம் வேறு பிரதி இல்லை என்று தெரிந்தது. அங்கேயே நின்று, அவருக்கு நினைவிருந்ததை அவரும் எனக்கு நினைவிருந்ததை நானும் சொல்லிச் சொல்லி, என் டைரியில் எழுதினோம். ஒரு வரி மட்டும் இரண்டு பேருக்குமே வரவில்லை.

“பரவால்ல சார், அது அவங்க வீட்ல இருக்கு” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.