கண்ட்ரோல் வயல்

எங்கள் ஊருக்கு நெல் ஆராய்ச்சிப் பண்ணையின் ஜீப் முதன்முதலாக வந்தது அறுபத்தெட்டில். சுருளிப்பட்டி ரோட்டோரம், பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற வயல்களுக்குப் பக்கத்தில் நின்றது. இறங்கியவர் ஜெபமணி சார், பண்ணையின் இளம் அதிகாரி. பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு வரப்பில் நடந்து, சுருளியாண்டியின் வயலையும் அதற்கடுத்த என் வயலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பேர் வயலும் வேணும். சுருளியாண்டி வயல்ல ஐ.ஆர். எட்டுங்கிற புது ரக நெல்லு நடப்போறோம், உரமெல்லாம் பண்ணை தரும். ஞானமுத்து, உங்க வயல் கண்ட்ரோல்."

கண்ட்ரோல் என்ற சொல்லைக் கேட்டதும் என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்த கண்ட்ரோல் எல்லாம் சர்க்காருடையது. கண்ட்ரோல் கடை, கண்ட்ரோல் அரிசி, கண்ட்ரோல் சர்க்கரை. ஆக, பாடுபடுவது சுருளியாண்டி, அவனை மேற்பார்ப்பது நான் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். என் வேலை என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமே செய்ய வேண்டாம். வழக்கமான நெல்லை நடுங்க, தண்ணி பாய்ச்சுங்க, களை எடுங்க. உரம் மட்டும் ஒரு பிடிகூடப் போடக் கூடாது" என்றார் சார்.

பெரிய உத்தியோகத்தில் இருக்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்பதால், அதுவும் எனக்குப் பொருத்தமாகவே பட்டது.

ஞாயிறு பூசை முடிந்து கோயிலை விட்டு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். டீக்கடையில் யாரும் கேட்காமலேயே சொன்னேன். வயலுக்குப் போகும்போதுகூட வெளுத்த வேட்டி கட்ட ஆரம்பித்தேன். என் மனைவி ஆரோக்கியம்மாள் மட்டும் அசையவில்லை.

"ஒண்ணும் செய்யாம இருக்க ஒரு ஆளு வேணும்னு தேடியிருக்காக. சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்காக" என்றாள்.

பொறாமை என்று நினைத்தேன்.

பயிர் தூர் கட்டுகிற சமயத்தில் கம்பம், கூடலூர் விவசாயிகளை ஒரு வேன் நிறைய அழைத்துவந்தார் ஜெபமணி சார். நான் வெளுத்த வேட்டியோடு என் வரப்பில் போய் நின்றேன். சுருளியாண்டியின் பயிர் குட்டையாக, கரும்பச்சையாக, கை நுழைய இடமில்லாமல் நின்றது. என்னுடையது காமாலை கண்டதுபோல் மஞ்சளாக நின்றது. நான் அதைப் பார்க்காமல் இல்லை. ஆராய்ச்சியில் மஞ்சள் என்பது ஏதோ உயர்ந்த நிலை என்று எண்ணியிருந்தேன்.

"அது சத்துக் குடுத்த பயிர். இது ஒண்ணுமே குடுக்காத பயிர். நாம எதுவும் செய்யலைன்னா இப்படித்தான் ஆகும்" என்று சார் கையை நீட்டினார்.

அவர் காட்டியது வயலைத்தான். ஆனால் அவர் கைக்கும் வயலுக்கும் நடுவில் நான் நின்றிருந்தேன். கூடலூர்க்காரர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆமாமா, பார்த்தாலே தெரியுது" என்றார்.

"ஏலே ஞானமுத்து, கண்ட்ரோலு பலமா இருக்கே!" என்று சுருளியாண்டி கத்தினான். வேன் முழுவதும் சிரித்தது. அன்றிலிருந்து ஊரில் என் பெயர் கண்ட்ரோல் ஞானமுத்து. திருமணப் பத்திரிகை கொண்டுவருகிறவர்கள்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

ஆரோக்கியம்மாள் என்னைத் திட்டவில்லை. மாடு பார்க்க நான் கம்பத்துக்குப் போயிருந்த அன்று, சுருளியாண்டி வீட்டில் மிஞ்சிக்கிடந்த யூரியாவை வாங்கிவந்து வயல் முழுக்கத் தூவிவிட்டாள். எனக்குத் தெரியாது. சில நாளில் பயிர் பச்சை கட்டியதைப் பார்த்து, நான் தினமும் வரப்பில் நின்றதன் பலன் என்றே நம்பினேன்.

அடுத்த முறை வந்த ஜெபமணி சார் திகைத்துப்போனார்.

"என்ன போட்டீங்க, ஞானமுத்து?"

"ஒண்ணும் போடலை சார். சுருளி மலைக்காத்து. அதுலயே ஒரு சத்து இருக்கு."

பாவம், அவர் அதையும் எழுதத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த ஆரோக்கியம்மாள் நிமிர்ந்தாள்.

"எழுதாதீக சார். காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் யூரியா போட்டேன். இவுகளுக்குத் தெரியாது. இவுகளுக்கு எதுதான் தெரியும்?"

சார் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு போகத்து வேலை போச்சேம்மா" என்றபோது அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. அவளுக்கும் சங்கடமாகிவிட்டது. கலயத்திலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தாள்.

"பயிரு பசியில கிடக்குறதைப் பார்த்துக்கிட்டு எப்படி சார் இருக்கிறது? அந்த நெல்லுதானே எங்களுக்குச் சோறு?"

"ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வயல் சும்மா இருந்தாத்தானேம்மா, விளைஞ்சது உரத்தாலயா தண்ணியாலயான்னு சொல்ல முடியும்?"

அவள் யோசித்தாள். "அப்ப ஒரு மூலையை மட்டும் சும்மா விடுங்க. முழு வயலும் எதுக்கு?"

"மூலைன்னா வரப்போரம். வெயிலும் காத்தும் கூடுதலாப் படும், கணக்கு தப்பிரும். நடுவுல விடலாம்" என்றார் சார்.

"நடுவுல விடுங்க. யாரு வேண்டாம்னா?"

என் வயலைப் பற்றிய பேச்சுதான். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதுபோல நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த போகம் எங்கள் வயலிலும் ஐ.ஆர். எட்டுதான். பச்சைக்கு நடுவில் வெளிறிய சதுரம் ஒன்று, வழுக்கை விழுந்த மாதிரி. அறுப்பு முடிந்ததும் மூட்டை அடுக்க வீட்டில் இடம் போதாமல் என் கட்டில் வெளியே போனது. சோறு ஆறினால் கல்லாக இருக்கிறது என்று குறை சொன்னேன். நெல் விளைந்த சந்தோஷத்தில் அவள் காதில் அது ஏறவே இல்லை.

எண்பத்திரண்டில், பண்ணைக்கே தலைவராகிவிட்ட ஜெபமணி சார் வீடு தேடி வந்தார். விவசாயிகள் ஆலோசனைக் கூட்டத்தில் உட்கார ஒரு பெண் வேண்டும் என்றார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நான் எழுந்தேன். அவர் கேட்டது பெண் என்பது அப்புறம்தான் உறைத்தது.

பஸ் மாறிப் போக வேண்டியிருந்ததால் துணைக்குப் போனேன். அவள் உள்ளே நாற்காலியில். நான் வெளியே வேப்பமரத்தடியில்.

"ஐயா, நீங்க எந்த ஊர் விவசாயி?" என்று ஒரு புது அதிகாரி கேட்டார்.

"விவசாயி உள்ள இருக்காக. நான் கூட வந்தவன்" என்றேன்.

டீ வாங்கிக் கொடுத்தார். விதை ஏன் நாற்றங்கால் காய்ந்த பிறகே ஊருக்கு வருகிறது என்று அவள் கேட்பது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. அதை எழுதிக்கொள்ளச் சொன்னார் ஜெபமணி சார். எனக்கு டீ அவ்வளவு இனிப்பாக இருந்தது.

மதியம் வெளியே வந்தவள் புது ரக விதைப்பை ஒன்றை என்னிடம் நீட்டினாள். தோளில் ஏற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு அவள் பின்னால் நடந்தேன்.